இலந்தை மரத்தில் கட்டிய முடிச்சு

வளைகுடாவில் வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் ஹீட்டர் குழாயைத் திறக்க வேண்டும். இது யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாமல் முதல் நாளே முதுகை வேகவைத்துக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் வெயிலில் காய்வதால் சாதாரணக் குழாயில் கொதிநீர்தான் வரும். ஹீட்டரை அணைத்துவிட்டால் அதற்குள் இருக்கும் தண்ணீர் ஏசி அறையின் குளிர்ச்சியில் ஆறிக் கிடக்கும். குளிக்க அதுதான் ஆகும். அட கடவுளே, குளிப்பதைக்கூடப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய ஊருக்கா வந்தோம் என்று குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டு வேலைக்குத்தான் போயிருந்தேன். வீட்டம்மாவை 'மாமா' என்று கூப்பிட வேண்டும் என்றார்கள். அங்கே அதற்கு அம்மா என்று பொருளாம். ஒரு பொம்பளையைப் பார்த்து மாமா என்று சொல்ல முதல் வாரம் முழுக்க எனக்கு வாய் வரவில்லை. மீந்த ரொட்டியைக் குப்பையில் போடக் கூடாது, தனிப் பையில் கட்டி வாசல் கம்பியில் மாட்ட வேண்டும். ஆட்டுக்குப் புல்லைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மழை தூறினால் நாம் வீட்டுக்குள் ஓடுவோம். அவர்கள் பிள்ளை குட்டிகளோடு காரில் ஏறி மழையைப் பார்க்க வெளியே ஓடுகிறார்கள். இதையெல்லாம் அக்காவிடம் போனில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். போனை வைத்த பிறகு சிரிக்க ஒன்றும் இருக்காது.

என் வீடு ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம். வீட்டுக்காரர் ஆந்திராப் பக்கம் மரம் வெட்டப் போனவர் திரும்பவில்லை. இரண்டு வயது முடியாத மகளை அக்காவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். விடியற்காலையில் அவள் தூங்கும்போதே கிளம்பிவிடு, முழித்தால் உன்னால் போக முடியாது என்று அக்கா சொன்னாள். அப்படியே செய்தேன். அன்று ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறி மலையிறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் குதித்துவிடலாமா என்று இருந்தது.

எங்கள் ஊரில் அப்போது போன் சிக்னல் கிடையாது. வெள்ளிக்கிழமை தோறும் அக்கா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டு நிலம் வரை ஏறுவாள். அங்கேயும் முகம் பார்த்துப் பேச முடியாது, குரல் மட்டும்தான். விட்டு விட்டு வரும். அதனால் நடுவில் என் பேச்சைப் பதிவு செய்தும் அனுப்பிவைப்பேன்; மேட்டில் ஏறும்போது அது அக்காவின் போனில் வந்து சேரும். "சாப்டியா கண்ணு?" என்பேன். "சாப்டேன், களி" என்பாள். அந்த வாரம் முழுவதும் நான் பாத்திரம் தேய்த்தது, துணி மடித்தது, மாமாவின் கைக்குழந்தைக்குத் தொட்டிலாட்டியது எல்லாம் அந்த இரண்டு சொல்லைக் கேட்கத்தான். எனக்கு ஒரே பயம்தான். மகள் என்னை மறந்துவிடக் கூடாது. கூலி, வீடு, காது கம்மல் எல்லாம் அதற்கு அப்புறம்.

அந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரம் நின்றது. என்னவோ அரபுப் பெயர் சொன்னார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் நம் இலந்தை! கொஞ்சம் உயரமாக, பழம் கொஞ்சம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கு அந்த மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு நாள் துணி காயப்போடும்போது அதன் தாழ்ந்த கொம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொம்புத் தேன்கூடு கண்ணில் பட்டது. அதே சின்ன ஈ, அதே மெல்லிய ரீங்காரம். கடல் தாண்டி இந்த ஈ எப்படி வந்தது, இதற்கு யார் விசா கொடுத்தார்கள் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

எங்கள் பக்கம் காட்டில் தேன்கூட்டைப் பார்த்தவர்கள், தேன் முதிரவில்லை என்றால் ஒரு கொடியைக் கிழித்து அந்தக் கொம்பில் முடிச்சுப் போட்டுவிட்டு வருவார்கள். முடிச்சு இருந்தால் கூட்டுக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வேறு யாரும் தொட மாட்டார்கள். சின்ன வயதில் நானும் எத்தனையோ கொம்பில் கட்டியிருக்கிறேன். அந்தத் தோட்டத்தில் என் தேனுக்குப் போட்டியாக யார் வரப்போகிறார்கள்? ஒருவருமில்லை. ஆனால் கை சும்மா இருக்குமா? தோளில் கிடந்த துடைக்கும் துணியில் ஒரு நாடாவைக் கிழித்து, கொம்பைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் எனக்கென்று ஒரு பொருள் இருப்பதாகத் தோன்றியது. பாட்டுப் பாடிக்கொண்டே துணி மடித்தேன்.

அந்தத் துடைக்கும் துணி, மாமாவின் குழந்தைக்குச் சிறுத்துப்போன பழைய சட்டை. அதை நான் நினைக்கவே இல்லை.

அந்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. மாமா சாப்பிடாமல் தூங்காமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடி இருந்தாள். மூன்றாவது நாள் மத்தியானம் தோட்டத்தில் ஒரு அலறல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் மாமாவின் தாயார் இலந்தை மரத்தடியில் நின்று அந்த முடிச்சைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்ததும் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். என்னைக் கண்டு ஒருவர் பயந்து விலகியதை அன்றுதான் பார்த்தேன்.

கார் ஓட்டும் அண்ணன் கேரளாக்காரர், கொஞ்சம் தமிழ் தெரியும். அவரைக் கூப்பிட்டார்கள்.

"அண்ணே, இன்னாண்ணே சொல்றாங்க?" என்றேன்.

"நீ சூனியம் வச்சேன்னு சொல்றாங்க. இங்கே முடிச்சுன்னா அதுதான். அதுவும் குழந்தையோட சட்டையிலே முடிச்சு. உனக்கு வேற துணி கிடைக்கலையா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "போலீசுக்குப் போன் பண்ணணும்னு சொல்றாங்க. இந்த ஊர்லே இது சின்னக் கேஸ் இல்லே, தங்கச்சி."

"ஐயோ, தேனுக்குக் கட்னேண்ணே! தேனுக்குண்ணே! எங்கூர்ல அப்டித்தான் கட்டுவோம். சொல்லுங்கண்ணே, அந்தம்மா கிட்ட சொல்லுங்க!" என்று கதறினேன். அவர் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. முடிச்சுக்கும் தேனுக்கும் என்ன சம்பந்தம்? அவர்கள் இடத்தில் நான் இருந்து, என் பிள்ளை காய்ச்சலில் கிடந்தால், நானும் நம்பியிருக்க மாட்டேன்.

வேறு வழி தெரியவில்லை. புகையும் போடாமல் வெறுங்கையை இலைக்குள் விட்டேன். வாயால் ஊதி ஈக்களை ஒதுக்கி, கொம்பின் மேல்புறம் தடித்திருந்த தேனடையை உடைத்தேன். அவசரத்தில் எங்கே ஒதுங்கும்? கையிலும் கழுத்திலும் கண் இமையிலும் கொட்டித் தள்ளிவிட்டன. எல்லோரும் பார்க்க அந்த அடையை வாயில் போட்டு மென்றேன். தேன் உதட்டில் வழிய, "இதுக்குத்தாம்மா, இதுக்குத்தான்" என்று அழுதேன். ஒரு கண் அதற்குள் மூடிவிட்டது. மற்றக் கண்ணால் மாமாவைப் பார்த்தேன். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

போலீசைக் கூப்பிடவில்லை. கிழவி ஏதோ ஓதிக்கொண்டே முடிச்சை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டார். குழந்தையின் காய்ச்சல் மறுநாள் இறங்கியது. அதுவும் எனக்குக் கேடாகத்தான் போயிற்று. முடிச்சை அவிழ்த்ததால்தான் இறங்கியது என்று கிழவி சாதித்தார். நான் குழந்தையின் படத்தை ஊரிலிருக்கும் மந்திரவாதி யாருக்காவது அனுப்பியிருப்பேனோ என்று சந்தேகம் வந்து, என் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

"அண்ணே, வெள்ளிக்கெழம மட்டும் குடுக்கச் சொல்லுங்க. அவங்க எதிர்லயே பேசறேன். எம் பொண்ணு காத்துக்கினு இருக்கும்ணே." அவரும் கேட்டுப் பார்த்தார். கொடுக்கவில்லை. அவர் போனிலிருந்தாவது ஒரு வார்த்தை பேசலாமென்றால், நான் எவ்வளவு கெஞ்சியும் அவர் பயந்து மறுத்துவிட்டார். அவருக்கும் ஊரில் பிள்ளைகள் இருந்தார்கள்.

அதற்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமைகளை எப்படிச் சொல்வது? இந்நேரம் அக்கா மேட்டில் ஏறிக்கொண்டிருப்பாள், இந்நேரம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள், இந்நேரம் மகள் சிணுங்குவாள் என்று எண்ணிக்கொண்டே மீன் கழுவுவேன். நான் செத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்களோ? அப்பன் போன மாதிரி அம்மாவும் போய்விட்டாள் என்று யாராவது அந்தப் பிஞ்சிடம் சொல்லியிருப்பார்களோ? அலமாரியைக் கல்லால் உடைத்துவிடலாமா என்று பலமுறை தோன்றியது. உடைத்தால் ஜெயில், ஜெயில் என்றால் மகளே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மாமாவின் குழந்தைக்கு ஊட்டினேன். அது என்னைப் பார்த்துச் சிரிக்கும். தவழும். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். ஒருநாள் கையை விட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்து என் மேலேயே வந்து விழுந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டாள். உள்ளே போனவள் அலமாரியைத் திறந்து போனை எடுத்துவந்து கொடுத்தாள். நன்றி சொல்வதா, அவள் சட்டையைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியாமல் நின்றேன்.

"ஏண்டி, உயிரோட கீறியா!" என்று அக்கா போனிலேயே ஒப்பாரி வைத்தாள். அப்புறம் சொன்னாள்: "புள்ள ரொம்ப ஏங்கிடுச்சுடி. இன்னா பண்றதுன்னு தெரியல. நீ பழசா அனுப்ச்சிருந்த பேச்செல்லாம் போன்ல இருந்திச்சில்ல, தினத்துக்கும் அதத்தான் போட்டுக் காட்னேன். அது உங்கூட பேசிக்கினேதான் தூங்கும்."

அக்கா செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். மகள் என்னை மறக்கவில்லை. "அம்மா, சாப்டியா?" என்று அவளே கேட்டாள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிய அந்த வாரம்தான் எங்கள் பக்கம் போன் டவர் வந்திருந்தது. பகல் பதினொரு மணிக்கு ஜீப்பிலிருந்து இறங்கி, பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினேன். மகள் வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அக்காவின் புடவைக்குள் புகுந்துகொண்டாள். தூக்கப் போனால் வீறிட்டு அழுதாள்.

"அம்மாடி! உங்கம்மா வந்துட்ச்சி பாரு" என்றாள் அக்கா.

"இது இல்ல. எங்கம்மா போன்ல கீது" என்றாள் மகள்.

பேசிப் பார்த்தேன். காதைப் பொத்திக்கொண்டாள். பொம்மையைக் காட்டினேன், தட்டிவிட்டாள். பொழுது சாயும் வரை நான் இருக்கும் அறைக்கு அவள் வரவே இல்லை. பொறுக்க முடியாமல் அக்கா வீட்டுக்காரரின் போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் நின்று அக்காவின் போனுக்கு அடித்தேன். உள்ளே மகள் ஓடி வரும் சத்தம் சுவர் வழியாகவே கேட்டது.

"அம்மா!" என்றாள். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். "அம்மா, எங்க வூட்டுக்கு யாரோ வந்துக்குது. போவவே மாட்டேங்குது. அதப் போவச் சொல்லும்மா."

"சொல்றேன் கண்ணு" என்றேன்.