இரண்டு பெயர்

தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்தபோதுதான் என் மகள் பிறந்தாள். பிரசவ மயக்கத்தில் கிடந்தபோது, "காப்பர் டி போட்டாச்சும்மா" என்று தாதி சொன்னது காதில் விழுந்தது. ஏதோ ஊசி என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் நடக்கப் பழகிய பிறகு, வவுனியா வடக்கில் கணவரின் ஊருக்குத் திரும்பினோம். வீடு கட்டி முடிந்ததும் இன்னொரு பிள்ளைக்கு ஆசைப்பட்டோம். வயிற்றில் எதுவும் தங்கவில்லை. கிளினிக்கில் கர்ப்பிணிகளைக் கவனிக்கும் குடும்பநல மாது அன்பாகத்தான் விசாரித்தார்.

"லூப் ஏதும் போட்டிருக்கிறீங்களோ தங்கச்சி?"

"இல்லை மிஸ்."

அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அது என்னவென்று கேட்க வெட்கமாக இருந்தது. கணவர் பக்கத்திலேயே நின்றார். விற்றமின் குளிசை தந்து அனுப்பினார்கள். பிறகு நேர்த்திக்கடன், விரதம் என்று வருடங்கள் போயின. மாமி என்னோடு கதைப்பதையே குறைத்துக்கொண்டார்.

கடைசியில் வயிற்றுவலிக்காகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கான் பார்த்த பெண் டாக்டர் நிமிர்ந்தார்.

"உள்ளுக்க லூப் கிடக்குது. ஆர் போட்டது?"

"அங்க காப்பர் டி எண்டு ஏதோ சொன்னவை…"

"ரெண்டும் ஒண்டுதான் அம்மா. பிள்ளை தங்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள்ள வைக்கிறது."

அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் எனக்கு மாதவிடாய் நிற்கும் வயதாகிவிட்டது.

குடும்பநல மாதிடம் சொன்னேன். அவர் முகம் வாடிப்போயிற்று. "அங்க என்ன பேர் சொல்லுவினம் எண்டு எங்களுக்கு ஆரும் படிப்பிக்கேல்லை" என்றார். இப்போது இந்தியாவிலிருந்து திரும்பும் பெண்களிடம் இரண்டு பெயரையும் சொல்லி, படமும் காட்டிக் கேட்கிறாராம். கேள்விப்பட்டபோது சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து நெடுநேரம் அழுதேன்.