என் மாமனாரும் இரண்டு ஸ்கேன்களும்

என் மண்டையோட்டின் படத்தை என் மாமனார் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தது இன்றும் என் கண்ணில் அப்படியே இருக்கிறது. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு முன்னறை. நான் தலையில் கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். கறுப்புப் படத்தில் வரிசை வரிசையாக வட்டங்கள். ஒவ்வொன்றும் என் தலையின் ஒரு குறுக்குவெட்டு. ஓரத்தில் அச்சாகியிருந்த என் பெயர் கவிழ்ந்து கிடந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "சுத்திலும் வெள்ளையா தெரியுது பாரு, அது நல்லதுக்கில்ல" என்றார். அந்த வெள்ளை, எலும்பு. எல்லா மனிதர்களுக்கும் இருக்கிற மண்டை ஓடு. பக்கத்தில் நின்ற என் கணவர், அப்பா சொன்னதால், கவலையோடு தலையை ஆட்டினார்.

என் மாமனார் குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வாயு கசிந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அதை ஒழுங்காகவே செய்திருப்பார். ஆனால் வேலையை விட்டு வந்த பிறகும் அந்தத் தலைக்கவசத்தை அவர் மனதிலிருந்து கழற்றவில்லை. உலகத்தில் எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரம் தனக்கு மட்டுமே இருப்பதாக நம்பினார். மாதா கோவிலில் பங்குப் பேரவை உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிப்பவர். மாமியார் இறந்த பிறகு வீட்டில் அவரை மறுத்துப் பேச ஆளில்லை. அவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். நான் வந்த புதிதில் அதை மரியாதை என்று நினைத்தேன். அது மறுத்துப் பேச எல்லோருக்கும் இருந்த சோம்பல் என்று புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

இது 2004இல் நடந்தது. அப்போது நான் புவனகிரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ஒருநாள் திரும்பும் வழியில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டதில், நின்றுகொண்டிருந்த நான் முன்னால் பறந்துபோய்க் கம்பியில் தலையை இடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் நினைவில்லை. கண் விழித்ததும் வாந்தி. கடலூரில் எங்கள் குடும்ப டாக்டர் தையல் போட்டு, தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். உள்ளே ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்று வந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எனக்கு மறுபடி வாந்தி ஆரம்பித்தது. காலையில் பல் துலக்கும்போது குமட்டும். மீன் கழுவுகிற வாடை வந்தால் தாங்க முடியாது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண்ணுக்குக் காலையில் குமட்டினால் தெருவில் போகிற யாரும் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். என் மாமனார், "மூளைல ரத்தம் கசியுது. மொத ஸ்கேன்ல தப்ப விட்டுட்டானுங்க" என்றார்.

நாள் தள்ளியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அடிபட்ட அதிர்ச்சியில் அப்படி ஆகும் என்று பள்ளியில் ஒருவர் சொன்னதால் காத்திருந்தேன். மாமனார் என்னையும் கணவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய், இன்னொரு ஸ்கேன் வேண்டும் என்றார். நோயாளி நான். என்னிடம் ஒரு கேள்வி இல்லை. டாக்டர் மாமனாரின் முகத்தைப் பார்த்தபடியே சீட்டு எழுதினார். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் இருந்தவர் கம்மலையும் கொண்டை ஊசியையும் கழற்றச் சொன்னார். அவரும் வேறு எதையும் கேட்கவில்லை. வெளியே வந்து படத்துக்காகக் காத்திருந்தபோதுதான் சுவரில் ஒரு பலகையைப் பார்த்தேன். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ முன்கூட்டியே தெரிவிக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதில் பாதியைக் குடிதண்ணீர் கேன் மறைத்திருந்தது. சட்டத்துக்குப் பலகை வைத்தாயிற்று, தாகத்துக்குத் தண்ணீர் வைத்தாயிற்று. அவர்கள் கடமை முடிந்துவிட்டது.

இரண்டாவது ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. அந்த வாரமே சிறுநீர்ப் பரிசோதனையில் நான் உண்டாகியிருப்பது தெரிந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கணவர் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தார். மாமனார் அந்தப் பொட்டலத்தைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவ கதிர் பட்டிருக்கு. இந்தப் புள்ள வேணாம்."

எனக்கு முதலில் புரியவில்லை. "ரெண்டாவது ஸ்கேன் நீங்க சொல்லித்தானே மாமா எடுத்தோம்?"

"அது ஒன் உசுருக்காக சொன்னது. இது வேற. நான் பிளான்ட்ல எவ்ளோ பாத்திருக்கேன். கொறையோட பொறந்தா காலம் பூரா யாரு தூக்கி சுமக்குறது?"

"பங்குச் சாமியாரக் கேட்டீங்களா?"

"சாமியாருக்கு ரேடியேஷன் பத்தி என்னா தெரியும்?"

ஒவ்வொரு ஞாயிறும் மைக்குக்கு முன்னால் நின்று கனத்த குரலில் வேதம் வாசிக்கிற மனிதர் இதைச் சொன்னார். கருவைக் கலைப்பது பாவம் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போதித்தவர் சொன்னார். ரசாயனத் தொழிற்சாலையில் எக்ஸ்ரே கதிரைப் பற்றி என்ன பார்த்திருப்பார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குடும்ப டாக்டரிடம் போனோம். அவராவது விளக்குவார் என்று நினைத்தேன். "எதுக்கும்மா ரிஸ்க்கு? சின்ன வயசுதானே, அடுத்தது பாத்துக்கலாம்" என்றார். அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று சொல்வதைப் போல. இரண்டாவது சீட்டை எழுதிய அதே கை இப்போது கடலூரிலேயே ஒரு கிளினிக்கின் பெயரை எழுதிக் கொடுத்தது. மாமனார் நாளும் குறித்துவிட்டு வந்தார்.

அதற்கு முந்தின இரவு என் கணவரிடம் பேசினேன். அவர் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்தார். நல்ல மனிதர், அப்பாவின் முன்னால் மட்டும் பத்து வயதுப் பையன். "அப்பா யோசிக்காம சொல்ல மாட்டாரு" என்றார். "நாளைக்கு நான் கிளினிக்குக்கு வர மாட்டேன். சிதம்பரம் போறேன். வெவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேக்காம என் புள்ளயக் குடுக்க மாட்டேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி" என்றேன். காலையில் நான் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்தேன்.

சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பிரிவில் இருந்த டாக்டரம்மாவைப் பார்க்க, எங்கள் பள்ளித் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். இனிமையான பேச்சு என்று சொல்ல முடியாது. உட்காரச் சொல்லும் முன்பே கேள்விகளை ஆரம்பித்தார். கடைசி மாதவிலக்கு எப்போது? ஸ்கேன் உடம்பில் எந்த இடத்தில்? படம் தெளிவாகத் தெரியச் சாயம் ஏதாவது ஊசியில் ஏற்றினார்களா? முதல் முறை மயக்கம் வந்ததா? கடலூரில் யாருமே கேட்காத கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டி, நேராகத்தான் மாட்டினார், ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ரெண்டும் தலையிலதான். கதிர் போனது தலை வழியா. கர்ப்பப்பை எங்க இருக்கு? அங்க வந்து சேந்தது ஒண்ணுமில்லன்னே சொல்லலாம். இதுக்காகவா கலைக்கச் சொன்னாங்க? யாரு சொன்னது?"

நான் கணவரைப் பார்த்தேன்.

"மொத ஸ்கேன் அவசியம். அடிபட்டு நெனவு தப்புனவங்களுக்கு அத எடுக்காம விட்டாத்தான் தப்பு. கர்ப்பமாவே இருந்தாலும் தாயோட உசுருக்கு ஆபத்துன்னா எடுக்கத்தான் வேணும். ரெண்டாவது ஸ்கேனுக்கு முன்னாடி, நாள் தள்ளிருக்கான்னு ஒரே ஒரு கேள்வி. அதக் கேட்டிருந்தா போதும். அவுங்க கேக்கலன்னா நீங்களாவது வாயத் தொறந்து சொல்லணும்." பிறகு கொஞ்சம் தணிந்து, எந்த ஸ்கேனில் கதிர் உண்டு, எதில் இல்லை என்று சொன்னார். எக்ஸ்ரேயும் சி.டி.யும் கதிர், சி.டி.யில் அது ஜாஸ்தி. வயிற்றில் பசை தடவி எடுப்பது வெறும் ஒலி. எம்.ஆர்.ஐ. காந்தம். எல்லாவற்றையும் ஸ்கேன் என்ற ஒரே பெயரில் கூப்பிட்டு, எல்லாவற்றுக்கும் பயப்படுவதும் தப்பு, எதற்குமே பயப்படாமல் இருப்பதும் தப்பு என்றார்.

"அப்போ புள்ள நல்லா பொறக்குமா மேடம்?" இது என் கணவர்.

"அந்த உறுதி எந்தக் கர்ப்பத்துக்கும் யாராலயும் குடுக்க முடியாது. இந்த ஸ்கேனால கெடாது. அத மட்டும் எழுதித் தரேன்."

வீட்டுக்கு வந்தபோது மாமனார் சட்டையெல்லாம் போட்டுக் கிளினிக்குக்குத் தயாராகி, கோபத்தில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "புள்ள இருக்கட்டும்பா" என்றார். எனக்குத் தெரிந்து அவர் அப்பாவை எதிர்த்துப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். அதன் பிறகு பிரசவம் வரை மாமனார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர் குழந்தையைக் கொஞ்சவில்லை. துணியை விலக்கிக் கைவிரல்களை எண்ணினார், பிறகு கால்விரல்களை. கணக்கு சரியாக இருந்ததில் அவருக்கு ஏமாற்றமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பெற்றவளுக்கு அப்படித் தோன்றவிடலாமா ஒரு மனிதர்?

குழந்தை வளர்ந்தாள். கதிருக்கு அத்தனை பயந்த மனிதருக்கு, தன் உடம்பு என்று வந்ததும் அந்தப் பயம் எங்கே போனதோ தெரியவில்லை. ஊரில் புதிதாக ஒரு ஸ்கேன் சென்டர் வந்தபோது, எந்தத் தொந்தரவும் இல்லாமலே முழு உடம்புக்கும் சி.டி. எடுத்து "எல்லாத்தையும் ஒரே அடியா பாத்துரலாம்" என்று கிளம்பினார். துணைக்கு நான் போனேன். சாயம் ஏற்றுவதற்கு முன் நர்ஸ் கேட்டாள்: ஆஸ்துமா உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்காமல் போயிருக்கிறதா, கிட்னி தொந்தரவு, சுகர்? எல்லாவற்றுக்கும் கம்பீரமாக இல்லை என்றார். அவருக்குப் பல வருஷமாகச் சுகர். வெளியே தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று மாத்திரையை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். "சுகர் இருக்குது, மாத்திர சாப்புடுறாரு" என்று நான் சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. இப்படி ஒன்றுமில்லாததற்குச் சாயம் ஏற்றி அதை இன்னும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் வரும்போது, "நாலு பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்ட" என்றார். சிறுநீரகம் போனாலும் பரவாயில்லை, மானம் போகக் கூடாது. இப்படிப்பட்டவர்தான் எங்கள் வீட்டில் ஆபத்தை அளந்து சொல்லும் அதிகாரி.

2012இல் என் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுனில் அவள் பூசையில் நின்றதைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்தது. பிறகு வீட்டில் விருந்து. பிரியாணிப் பந்தியின் நடுவில் மாமனார் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஊரே பயமுறுத்திச்சு. நான்தான் சொன்னேன், ஸ்கேன்னா ஒண்ணும் ஆகாது, சிதம்பரம் போயி பெரிய டாக்டரப் பாருங்கன்னு. இல்லன்னா இந்தப் புள்ள ஏது?" என் கையில் குழம்பு வாளி இருந்தது. அதை அவர் தலையில் கவிழ்க்காமல் அடுத்த இலைக்கு நகர்ந்தது என் வாழ்க்கையின் பெரிய சாதனைகளில் ஒன்று. கணவர் என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டார்.

கை கழுவுகிற இடத்தில் ஒரு பெண் என் முந்தானையைத் தொட்டாள். திட்டக்குடியிலிருந்து வந்திருந்த என் கணவரின் சித்தப்பா மகள். கல்யாணமாகிச் சில மாதம்.

"அண்ணி, எனக்கு வயித்து வலி. திங்கக்கெழம வயித்துக்கு சி.டி. எடுக்கச் சொல்லிருக்காங்க. எனக்கு நாள் தள்ளிருக்கு. யார்ட்டயும் சொல்லல. பெரியப்பாகிட்ட கேட்டேன். தலைக்கி எடுத்தே ஒண்ணும் ஆகல, வயித்துக்கு என்னா, தைரியமா எடுன்னாரு."

தலைக்கு எடுத்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை, விஷயமே அதுதான். வயிறு என்றால் கதிர் நேராகக் குழந்தையின் மேலேயே போகும். ஆபத்தே இல்லாத இடத்தில் கொல்லச் சொன்ன மனிதர், யோசிக்க வேண்டிய இடத்தில் தைரியம் கொடுக்கிறார். இரண்டு முறையும் அதே குரல், அதே நிச்சயம். "திங்கக்கெழம எங்கயும் போவாத. என்கூட வா" என்றேன்.

திங்கட்கிழமை சிதம்பரம் போனோம். டாக்டரம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது, கேள்விகள் மாறவில்லை. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. உண்டாகியிருந்தாள். சி.டி. வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, பசை தடவி எடுக்கிற ஸ்கேன் செய்தார்கள். பித்தப்பையில் கல். அதுதான் வலி. அதற்கு என்ன செய்வது என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவளுக்கு இப்போது ஒரு மகன்.

சில வாரம் கழித்து பூசை முடிந்து வெளியே வந்தேன். மாமனார் கோவில் வாசலில் ஒரு குடும்பத்தை நிறுத்திவைத்துக் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "எந்த ஸ்கேன், எந்த எடத்துல, எதுக்குன்னு கேக்கணும்மா. வேற வழி உண்டான்னு கேக்கணும். உண்டாயிருந்தா, சுகர் இருந்தா, மொதல்லயே வாயத் தொறந்து சொல்லணும். நான் எல்லார்ட்டயும் சொல்றது அதான்." டாக்டரம்மா சொன்னது சித்தப்பா மகள் வழியாக அவர் காதுக்குப் போயிருக்க வேண்டும். அந்தக் குடும்பத்துப் பெண்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் குரல் ஒரு நொடி தடுமாறியது. பிறகு இன்னும் சத்தமாகத் தொடர்ந்தார்.

அவரை எனக்குத் தெரிந்த காலம் முழுவதிலும் ஸ்கேனைப் பற்றி அவர் சரியாகச் சொன்னது அன்று ஒருநாள்தான். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதனால் நான் குறுக்கே பேசவில்லை. அவரை மன்னித்தேனா என்றால், இல்லை.