அம்மாவின் கல்லில் எங்கள் பெயர்

போன ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு இங்கெர் ஐபாட்டும் கையுமாக வந்து எங்கள் கதவைத் தட்டினார். அவருடைய நாய் பம்சே செத்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அதற்கு ஒரு கல் வைக்க வேண்டும், சாம்பல் நிறமா கறுப்பா என்று முடிவெடுக்க முடியவில்லை, நீ பார்த்துச் சொல் என்றார். நோர்வேயில் இத்தனை காலம் இருந்தும், இப்படியொரு கேள்விக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். எலும்புத்துண்டு வடிவில் ஒரு கல், பாதம் பதித்த கல், பூனைக்கென்று சின்னதாய் ஒரு கல் என்று திரையில் ஓடிக்கொண்டே இருந்தன. கடைசியில் சாம்பல் நிறத்தைத் தெரிவுசெய்தார். என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டேன். "பம்சே. அவ்வளவுதான். அது அவனுடைய கல் அல்லவா?" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை. அவர் நல்ல மனுசி, நாய்க்காக உண்மையாகவே அழுதவர். ஒரு நாய்க்கு, அதன் சாம்பலைப் புதைத்த ஆப்பிள் மரத்தடியிலேயே, அதன் பெயரோடு கல் வைக்கலாம். என்னைப் பெற்றவளுக்கு அது முடியாது. அந்தக் கோபம்.

"ஊரில் உங்களிடம் நாய் இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது, பெயர் ஜிம்மி என்றேன். "எங்கே புதைத்தீர்கள்?" என்றார். "அம்மாவோடு விட்டுவிட்டு வந்தோம்" என்றேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "எவ்வளவு நல்ல வழக்கம்! இங்கே ஒன்றாகப் புதைக்க விடமாட்டார்கள்" என்றார். அதற்குமேல் விளக்க எனக்கு மனமில்லை. தலையை ஆட்டினேன்.

விளக்கியிருந்தால் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்த வேதக்காரக் குடும்பம். யுத்தம் முடிகிற அந்த மாதங்களில் அண்ணா ரொறன்ரோவில், நான் இங்கே. அம்மாவோடு இருந்தது தங்கச்சி செலினும் ஜிம்மியும்தான். இடம் மாறி மாறி ஓடிக் கடைசியில் கடற்கரை மணலில் இருந்தபோது, ஷெல் துண்டு பட்டு அம்மா செத்துப்போனா. பதுங்கியிருந்த பங்கர்க் குழியின் ஓரத்தில் சட்டி மூடியாலும் கையாலும் கிண்டிச் செலின்தான் அவவைப் புதைத்தாள். சுவாமியார் இல்லை, சிலுவை இல்லை, ஒரு மெழுகுதிரிகூட இல்லை. அடையாளத்துக்குத் தண்ணீர் அள்ளிய நீல வாளியைத் தலைமாட்டில் கவிழ்த்து வைத்தாள். சனம் எழும்பி நடக்கத் தொடங்கியபோது ஜிம்மி அந்த வாளியை விட்டு எழும்பவில்லை. கூப்பிட்டும் வரவில்லை. நின்று கூப்பிட அவளுக்கு நேரமும் இருக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து நான் போய், அவளையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்தைத் தேடினேன். டோசர் போட்டு மட்டமாக்கியிருந்தார்கள். மணலெங்கும் நீல வாளிகள் அரைகுறையாய்ப் புதைந்து கிடந்தன. அங்கே ஒதுங்கிய எல்லாரிடமும் அதே வாளிதானே இருந்தது. "இதாத்தான் இருக்கும் சின்னண்ணா" என்று ஓடுவாள். பிறகு, "இல்லை, இதில்லை" என்று அடுத்ததற்குப் போவாள். மட்டமாக்கச் சொன்னவன் எவனோ, அவன் தன் வீட்டார் கல்லறைக்கு வருடாவருடம் வெள்ளையடித்துப் பூவும் வைத்திருப்பான். அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி எனக்குப் புத்தி சொல்லவும் யாரும் வரவேண்டாம்.

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஊரே சவக்காலையில் நிற்கும். அவரவர் தங்கள் வீட்டார் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். செலின் மட்டும் பொதுச் சிலுவையின் அடியில் கொளுத்திவிட்டு வருவாள். "ஆரின்ரயோ வீட்டு வாசல்ல நிக்கிறமாதிரிக் கிடக்கு" என்று ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகுதான், உடல் இல்லாவிட்டாலும் எங்கள் சவக்காலையில் அம்மாவுக்கு ஒரு கல் நாட்டுவோம் என்று பேசி முடித்தோம். சுவாமியாரும் சம்மதித்தார். கல் வேலையை அண்ணா பொறுப்பெடுத்து, கிளிநொச்சியில் சொல்லிச் செய்வித்தார்.

இங்கெர் வந்துபோன அதே கிழமை வட்ஸ்அப்பில் படம் வந்தது. நல்ல கறுப்புக் கல். மேலே சிலுவை, அதன் கீழே அம்மாவின் பெயர். அதற்கும் கீழே, பெரிய தங்க எழுத்தில் அன்பளிப்பு: ரொறன்ரோவிலிருக்கும் அண்ணா குடும்பம், நோர்வேயிலிருக்கும் என் குடும்பம். செலினின் பெயர் இல்லை. கோயில் மின்விசிறியின் இறக்கையிலும் பேருந்துத் தரிப்பிடத்தின் நெற்றியிலும் வெளிநாட்டுப் பெயர் எழுதிப் பழகிய கை, பெற்ற தாயின் கல்லிலும் நிற்கவில்லை. உடனே அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எடேய், ஆர் செய்தது எண்டு ஊர்ச்சனத்துக்குத் தெரிய வேண்டாமே? இல்லாட்டி, வெளிநாட்டில ரெண்டு பொடியள் இருந்தும் கைவிட்டிட்டாங்கள் எண்டெல்லோ கதைக்குங்கள்."

"அம்மாவைத் தாட்டது ஆர்? அவளின்ர பேர் எங்க?"

"அவள் அங்கதானே இருக்கிறாள். அவளை எல்லாருக்கும் தெரியும்தானே" என்றார்.

தொலைபேசியைக் கதிரையில் எறிந்தேன். இது பம்சேயின் கல் என்று சொல்ல இங்கெருக்கு இருந்த மரியாதை, பிள்ளைகள் எங்களுக்கு இல்லை.

செலினிடம் எப்படிக் கதைப்பது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன். ஆத்துமாக்கள் திருநாளன்று அவளே படம் அனுப்பினாள். மணலில் கல் நிற்கிறது, முன்னால் மெழுகுதிரி எரிகிறது. கல்லில் சிலுவையும் அம்மாவின் பெயரும் மட்டும். மிச்சம் எங்கே என்று கேட்டேன்.

"கீழ. 'இவ்வளவு ஆழமா நட்டா எழுத்து மூடுப்படுமே அக்கா' எண்டு மேசன் கேட்டவர். மூடுப்படட்டும் எண்டனான். அம்மாவையே மூடினனான், உங்கட பேருகளை மூடுறது பெரிய வேலையே?" என்றாள். பிறகு, "கோவமோ சின்னண்ணா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். "நல்லாச் செய்தாய்."

அன்று மாலை ஆப்பிள் மரத்தடியில் இங்கெரும் ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருந்தார். யன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எங்கோ ஒரு நீல வாளிக்குக் கீழே, பெயரில்லாமல் கிடக்கிறா. நான் இங்கே நிற்கிறேன். என் பெயர் மட்டும், பக்கத்தில் நோர்வே என்ற சொல்லோடு, அம்மா இல்லாத குழிக்குள் புதைந்து கிடக்கிறது.