ஹம்னா பொறுக்கிய பாட்டில்

ஹம்னா என் தாய்மாமன் மகள். என் வயதுதான், என் வகுப்புதான். அந்தமானில், வண்டூர்க் கடற்கரையில் மாமா நூர்முகம்மதுவின் மளிகைக் கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கிருந்து போர்ட் பிளேர் காலேஜுக்கு பஸ்ஸில் வருவாள். நான் டவுனுக்குள்ளேயே இருக்கும் டெலானிபூரிலிருந்து பைக்கில் போவேன். என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, அவளிடம் இல்லை. உலகத்தைப் பற்றிப் பேச யாருக்குத் தகுதி என்று இதிலேயே தெரியவில்லையா?

அவளுடைய உலக ஞானமெல்லாம் குப்பையிலிருந்து வந்தது. காற்று திரும்பினால் வண்டூர்க் கரையில் தாய்லாந்து, பர்மா, மலேசியா என்று எங்கெங்கோ குடித்துப் போட்ட பாட்டில்கள் வந்து ஒதுங்கும். லீவுக்கு அங்கே போகும் நானும் மற்றப் பையன்களும் அவற்றைப் பந்தாக உதைப்போம். இவள் பொறுக்கிக் கழுவி, செல்போனை வைத்துக்கொண்டு லேபிளைப் படிப்பாள். அப்படியே தாய்லாந்து எழுத்தைக் கற்றுக்கொண்டாள். பைத்தியம் என்று சிரித்தோம்.

இந்த வருஷம் தாய்லாந்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முகாம். எங்கள் காலேஜுக்கு ஒரே இடம். அது எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லி, சூட்கேஸும் வாங்கியாயிற்று.

முகாமுக்கு ஆள் எடுக்கும் நாளில் எங்கள் லெக்சரர் ஷோபனா மேடம் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: வெளிநாடு போய் என்ன செய்வாய்? பையன்கள் துபாய், கனடா, சம்பளம் என்றோம். பெண்கள், அங்கே ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார்கள். வருஷா வருஷம் இப்படித்தான் என்று மேடம் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குச் சம்பாதித்துப் போட வேண்டியவன் சம்பளத்தைத்தான் பேசுவான், அதிலென்ன சிரிப்பு?

ஹம்னா முறை வந்தது. பையிலிருந்து நசுங்கிய தாய்லாந்து பாட்டில் ஒன்றை எடுத்து, லேபிளைத் தடுமாறாமல் படித்தாள்.

“நம்ம பாட்டிலும் அவங்க கரைக்குப் போகும்ல மேடம். அதைப் பொறுக்கற பொண்ணு நம்மளப் பத்தி என்ன நினைப்பா? அவளப் பார்த்துக் கேக்கணும்.”

அவ்வளவுதான், இடம் அவளுக்கு. அவள் போகாவிட்டால் நான். அதே கரையில்தானே நானும் கிடந்தேன்? எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

ஞாயிற்றுக்கிழமை மாமா அவளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் கணக்கில் குடும்பத்திலேயே விவரம் தெரிந்தவன் நான்தான்.

“மெயின்லேண்டுக்கே இவளத் தனியா அனுப்பினதில்ல மாப்ள. நீ பக்கான்னு சொன்னா பாஸ்போர்ட் எடுக்கறேன். வேணாம்னா, இதோட கதம்.”

ஒரு வார்த்தை போதும். சூட்கேஸ் கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது. ஹம்னா கெஞ்சவில்லை. தான் ஜெயித்த இடத்துக்குப் போக என் வாயைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம் அவள் முகத்தில் தெரிந்தது. மறைப்பானேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. என் பாஸ்போர்ட்டுக்கு நான் யார் வாயையும் பார்த்ததில்லை.

“அனுப்புங்க மாமா,” என்றேன்.

என் மகனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று உம்மா பூரித்துப்போனாள். மனசாவது மண்ணாங்கட்டியாவது. அவள் இடத்தில் நான் போய் நின்று, அங்கே எவளாவது பாட்டிலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வேன்?

அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது ஹம்னா சூட்கேஸைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன். பூட்டின் நம்பரை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அதையும் என்னிடம் வந்து கேட்கட்டும்.