தாம்பாளத்தில் என் கால்

நான் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள். வேலை பார்க்கிறவள் என்பதைவிட நிற்கிறவள் என்பதுதான் சரி. இப்போது ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முகம் மாறும். அதனால் அதில் சேலைக்கட்டுதான் உட்கார்ந்திருக்கும்.

என் கால்களைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் வெட்கம். முழங்காலுக்குக் கீழே பச்சை நரம்பு புடைத்துச் சுருண்டு கிடக்கும். கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துப்போய்விட்டது. கூட நிற்கும் ஒருத்தி உடை மாற்றும்போது பார்த்துவிட்டு, "ஏக்கா, வைகையில இல்லாத தண்ணியெல்லாம் ஒன் கால்லதான் ஓடுதாக்கும்?" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாளிலிருந்து சேலையைத் தரை கூட்டுகிற மாதிரி இறக்கிக் கட்டினேன்.

வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். இதயம் அழுத்தி அனுப்பும் ரத்தம் பாதத்துக்குச் சுலபமாக இறங்கிவிடும். திரும்பி ஏறுவதுதான் பாடு. நடக்கும்போது கெண்டைக்கால் சதை அதைப் பிழிந்து மேலே தள்ளும். தள்ளியது கீழே விழாமல் குழாய்க்குள் குட்டிக் குட்டிக் கதவுகள் மூடிக்கொள்ளும். நின்றே கிடந்தால் கதவுகள் தளர்ந்து, ரத்தம் காலிலேயே தேங்கும். மீதியை நானே செல்போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஏறிப்போன ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் நுழைந்து, நுரையீரலில் காற்று வாங்கி, இடப்பக்கம் வந்து, மறுபடி உடம்பைச் சுற்றக் கிளம்புமாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. "பரவைக்குப் போன பஸ்ஸு திரும்பி வந்தாத்தானடி அடுத்த டிரிப்பு? ரத்தமும் அம்புட்டுத்தான்" என்று கடை முழுக்கப் பாடம் எடுத்தேன்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். "அந்த எடம் ஒடைஞ்சு ரத்தம் வந்தா நிக்கவும் கூடாது, உக்காரவும் கூடாது. படுத்து, காலை நெஞ்சுக்கு மேல தூக்கி, துணி வச்சு அழுத்தணும்." அதையும் எல்லோருக்கும் சொன்னேன்.

மகள் கல்யாணம் கூடி வந்தது. சம்பந்தி வீடு சமயநல்லூர், வசதியானவர்கள். எனக்கு ஒரே பயம், பாத பூஜை. பெண்ணும் மாப்பிள்ளையும் பெற்றவர்கள் காலைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவிப் பொட்டு வைப்பார்களே, அது.

"அது மட்டும் வேணாம்டி" என்றேன் மகளிடம்.

"ஏம்மா, அவுக கால மட்டும் கழுவிட்டு ஒன் கால விட்டுரவா? நல்லாருக்கே கத!"

முகூர்த்தத்தன்று விடியும் முன்பே மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்துக் கணுக்கால் முழுக்க அப்பினேன். சுமங்கலி காலில் மஞ்சள் இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? தண்ணீர் ஊற்றித்தான் காலைக் கழுவுவார்கள் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

மேடையில் என்னையும் வீட்டுக்காரரையும் உட்காரவைத்து, மாப்பிள்ளை குனிந்து என் காலில் பாலும் தண்ணீரும் ஊற்றினார். மஞ்சள் கரைந்தது. கறுப்பும் பச்சையும் வெளியே வந்தன. "அம்மா, சேலையைக் கொஞ்சம் தூக்குங்க, மெட்டி தெரியட்டும்" என்றான் போட்டோக்காரன். ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சளை மாப்பிள்ளை பெருவிரலால் தேய்த்தார். சுருக்கென்றது. தாம்பாளத்தில் ஊற்றியிருந்த பால் சிவந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மணமேடையில், சம்பந்தி முன்னால், ஒரு பொம்பளை படுத்துக் காலைத் தூக்குவதா? சேலையை இழுத்து மூடி, "ஒண்ணுமில்ல, குங்குமந்தான்" என்றேன்.

"குங்குமம் இப்பிடியா மதினி ஓடும்?" என்று அலறினார் சம்பந்தியம்மா.

பட்டுச்சேலை ஓரம் நனைந்தது. உட்கார்ந்திருக்கும்வரை ரத்தம் நிற்காது. கண் இருட்டியது. "நான் படுக்கணும். காலைத் தூக்கணும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்குக் கேட்டிருக்கிறது. என்னைச் சாய்த்துப் படுக்கவைத்து, காலைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, அங்கவஸ்திரத்தால் அழுத்திப் பிடித்தார். சேலை முழங்கால்வரை சரிந்தது. மகள் ஓடிவந்து இழுத்துவிட்டாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். கீழே யாரோ, "பாத பூஜையின்னா மாப்ள மாதிரி பண்ணணும்ப்பா!" என்றார். மண்டபமே சிரித்தது. முந்தானைக்குள் என் நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. காலில் தேங்கிய ரத்தமெல்லாம் முகத்துக்கே வந்துவிட்டதுபோல் சுட்டது.

"நின்னுருச்சு அத்தே" என்றார் மாப்பிள்ளை. நான் முந்தானையை எடுக்கவில்லை.

இப்போதும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால், முதலில் என்னை உட்காரவைத்து எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுகிறார். "காலைத் தூக்கி வைங்க அத்தே."

"வைக்கிறேன் மாப்ள, நீங்க போய்க் காப்பி குடிங்க" என்கிறேன். அவர் அடுப்படிப் பக்கம் திரும்பும்வரை என் கால் தரையைவிட்டு எழுவதில்லை.