முன்சக்கரம் இழுக்காத லாரி

எங்கள் வீட்டில் ஒரு லாரி இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தவன் நான். இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக உட்கார்ந்து, வேறு எதையாவது எழுதிவிட்டு எழுந்து போயிருக்கிறேன். இனித் தள்ளிப்போடுவதற்கும் உடம்பில் தெம்பு இல்லை.

மண்டபத்தில் நிலம் மிகவும் குறுகலானது. தெற்கே ஒரு கடல், வடக்கே ஒரு கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் கண்மாய்த் தண்ணீர் போலக் கிடக்கும். வாடைக் காற்று வந்தால் தலைகீழ். அதனால் வருடத்துக்கு இரண்டு முறை வள்ளங்களை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு மாற்றுவார்கள். பாம்பன் ரயில் பாலத்தின் அடியில் புகுந்துதான் போக வேண்டும். அங்கே பாறையும் நீரோட்டமும் பொல்லாதவை. காற்று திரும்புவதற்கு முன்பே கடந்துவிட வேண்டும். ஆனால் காற்று திரும்பப் போகும் அந்தக் கடைசி நாட்களில்தான் மீன் அள்ளிக்கொண்டு படும். அதை விட்டுவிட்டுக் கிளம்புவது எல்லாச் சம்மாட்டிகளுக்கும் வயிற்றெரிச்சல். வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவர்களை எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம்.

என் லாத்தாவின், அதாவது அக்காவின், கணவர், என் மச்சான், இரண்டு வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி. யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்து, பட்டாளம் விட்டுப்போன லாரிகளை மதுரையில் ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. லாரியில் கட்டி மணல் வழியாக வள்ளத்தை இழுத்தால், பாம்பனைச் சுற்ற வேண்டியதே இல்லை. கடைசி நாள் வரை தென்கடலில் மீன் பிடித்துவிட்டு, மறுநாள் வடகடலில் வலை போடலாம்.

"ரோட்டுல ஓடுற வண்டி ஊருக்கு நாலு கெடக்கு மாப்ள. நமக்கு மணல்ல இழுக்கணும். ஒனக்குத்தான் தெரியும், பாத்து எடு" என்றார்.

எனக்குத் தெரியும் என்பது உண்மை. நான் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவன். யுத்த காலத்தில் பட்டாள லாரிகள் நிற்கும் முகாமில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்த வண்டி சேற்றில் போகும், எது போகாது என்று தினமும் பார்த்திருக்கிறேன். மச்சானால் தொழிலை விட்டு வர முடியவில்லை. பாதிப் பணம் அவருடையது. முதுகுளத்தூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவரை மட்டும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன்.

மைதானத்தில் வரிசையாக நின்ற லாரிகளில் எங்களுக்கு எட்டக்கூடியவை இரண்டு. ஒன்று அமெரிக்க வண்டி. பின்சக்கரங்களோடு முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். முன்னால் இரும்பு வடம் சுற்றிய உருளை ஒன்று இருந்தது. எஞ்சின் ஓட்டத்திலேயே அது சுற்றி எதையும் இழுத்துவிடும். கதவு கிடையாது, மேலே கித்தான் கூரை. ஸ்டியரிங் இடதுபக்கம். மற்றது இங்கிலீஷ் வண்டி. பின்சக்கரம் மட்டும் இழுக்கும். ஆனால் முழுதாக மூடிய அறை, கண்ணாடி ஏறி இறங்கும் கதவுகள், தோல் தைத்த இருக்கை.

டிரைவர் அமெரிக்க வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மொதலாளி, இதுல நீங்க ஏறுனா வலது பக்கம்ல உக்காரணும். கடைத்தெருவுல எறங்குனா நடு ரோட்டுல மாட்டுக்கு முன்னாலதான் எறங்குவீக" என்று சிரித்தார்.

அவர் வேடிக்கைக்குச் சொன்னார். எனக்கு அது தைத்தது. எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. என் மனைவி வெளியாட்கள் கண்ணில் படாத கோஷாப் பெண். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் திரை கட்டிய மாட்டுவண்டியில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்வார்கள். கதவு மூடிய லாரியில், கண்ணாடிக்கு ஒரு திரை போட்டு, அவளை உட்கார வைத்துக் கூட்டிப்போவதை அந்த மைதானத்தில் நின்றபடியே கண்ணால் பார்த்தேன். தர்கா வாசலில் நான் கதவைத் திறந்துவிடுவதையும், ஊர் அதைப் பார்ப்பதையும் சேர்த்தே பார்த்தேன். கதவில்லாத வண்டியில் எப்படி அவளை ஏற்றுவது? வீட்டுப் பெண்களுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இங்கிலீஷ் வண்டியை எடுத்தேன். அமெரிக்க வண்டியை உச்சிப்புளிக் காண்டிராக்டர் ஒருவர் கல் ஏற்றுவதற்கு எடுத்துப் போனார்.

வண்டியை மண்டபத்துக்குக் கொண்டுவந்ததும் மச்சான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"முன்சக்கரமும் இழுக்குமா மாப்ள?"

"பின்னால எண்ணிப் பாருங்க மச்சான், ரெட்டை ரெட்டையா நாலு டயர். அந்த நாலும் இழுக்குது. அதுவும் இதுவும் ஒண்ணுதான்."

ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த வருடம் ஏர்வாடிக்குப் போனோம். லாத்தாவும் என் மனைவியும் திரைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பங்குனியில் மச்சானின் ஆட்கள் பார்க்க வேண்டும் என்றார்கள் என்று வத்தை என்னும் சின்னப் படகு ஒன்றைக் கட்டி இழுத்துக் காட்டினேன். அலை நனைத்துப் போன ஈர மணலில் இழுத்தேன். அது தரைபோல இறுகிக் கிடக்கும். அந்த இடத்தை நானேதான் தேர்ந்தெடுத்தேன்.

சித்திரைக் கடைசியில் மற்றச் சம்மாட்டிகள் ஒவ்வொருவராகப் பாம்பன் வழியே கிளம்பினார்கள். போகிற போக்கில் ஒருவர் கரையைப் பார்த்துக் கத்தினார்:

"என்ன சம்மாட்டி, ஒங்க வள்ளத்துக்குக் காலு மொளச்சிருச்சாமே?"

"காலு இல்லப்பா, சக்கரம்!" என்றார் மச்சான். "முந்திப் போயி அங்கன சோத்த ஆக்கி வையிங்க. திங்க வாரேன்."

அந்த நாட்களில் மீன் நன்றாகப் பட்டது. மச்சான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் காலையில் கச்சான் வீசத் தொடங்கிவிட்டது. வழக்கத்தைவிட முன்னதாகவே. பெரிய வள்ளத்தைப் பனந்தடிகளின் மேல் ஏற்றி, வடத்தை லாரியின் பின்னால் கட்டினோம். கரையோரம் கொஞ்ச தூரம் வந்தது. காய்ந்த மணல் மேடு தொடங்கும் இடத்தில் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. பனை ஓலையை வெட்டிப் போட்டோம். ஓலையை மென்று துப்பிவிட்டு லாரி அச்சு வரை இறங்கிவிட்டது.

"முட்டை போட உக்காந்திருச்சு மொதலாளி" என்றார் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை.

வெயில் ஏறும் வரை தோண்டினோம். தென்கடலிலேயே தங்கினால் கச்சான் ஓயும் வரை பல மாதங்களுக்குத் தொழில் இல்லை. முன்பணம் வாங்கிய ஆட்கள் வேறு சம்மாட்டியிடம் போய்விடுவார்கள். மச்சான் இடுப்பில் கை வைத்துக் கடலைப் பார்த்தார்.

"வள்ளத்தத் தண்ணியில எறக்குங்கடா. பாம்பனச் சுத்திப் போவோம். காத்து இன்னும் ரொம்ப முத்தல."

"வேண்டாம் மச்சான்" என்றேன்.

"வேற என்ன வழி இருக்கு மாப்ள? சொல்லு."

வழி இருந்தது. உச்சிப்புளி கிட்டத்தில்தான் இருந்தது. அந்தக் காண்டிராக்டரின் வண்டி மணலில் தானாகவே ஏறிக் கல் ஏற்றிக்கொண்டு போவதை இரண்டு முறை ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் மத்தியானத்துக்குள் வந்திருக்கும். ஆனால் அது வந்து இழுத்தால், ஏன் இதை எடுக்காமல் அதை எடுத்தாய் என்று எல்லோர் முன்னாலும் கேள்வி வரும்.

"எல்லாம் இந்த மணலோட குத்தம் மச்சான்" என்றேன். "எந்த வண்டியா இருந்தாலும் உக்காந்திருக்கும்."

"சரி, விடு. நீ என்ன பண்ணுவ" என்றார். பிஸ்மி சொல்லி வள்ளத்தில் ஏறினார். சின்ன வள்ளம் பின்னால் போனது.

அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் உச்சிப்புளிக்கு ஆள் அனுப்பினேன். என் லாரியை மீட்பதற்கு. அமெரிக்க வண்டி மணல் மேட்டில் முனகிக்கொண்டு ஏறி வந்தது. இரும்பு வடத்தைக் கொக்கியில் மாட்டினார்கள். ஒரு பீடி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. என் வண்டி மேலே வந்துவிட்டது.

டிரைவர் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏலத்துல நின்னது இதுதான மொதலாளி?"

"ஆமா. வெளிய சொல்ல வேண்டாம்."

"ம்" என்றார். ஆடிக்குப் பிறகு ஊருக்குப் போகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை.

சின்ன வள்ளம் தப்பியது. பெரிய வள்ளத்தை நீரோட்டம் பாலத்தின் கல் தூணில் கொண்டுபோய் அடித்தது. ஆட்கள் நீந்திக் கரை ஏறினார்கள். வள்ளம் தூணில் மோதாமல் தள்ளிப் பிடிக்கப் போன மச்சானின் வலது கை, பலகைக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கியது. விரல்கள் ஆறின, ஆனால் மடங்கவில்லை. வடம் பிடிக்க முடியாதவர் கடலுக்குப் போக முடியாது. சின்ன வள்ளத்தை விற்றுவிட்டு, கொழும்பில் ஒரு சொந்தக்காரர் கடையில் கணக்குச் சொல்லும் வேலைக்குப் போனார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வருவார். லாத்தா எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவள் பிள்ளைகள் என்னை வாப்பா மாதிரி நினைத்து வளர்ந்தார்கள். அது எனக்கு நன்றாகவே வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லாரி ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய் மூட்டை ஏற்றியது, உப்பு ஏற்றியது. ரோட்டில் அதைக் குறை சொல்ல முடியாது.

இலங்கையில் நம் ஆட்கள் தங்குவது கஷ்டமாகிவிட்ட காலத்தில் மச்சான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அந்த வருடம் சந்தனக்கூட்டுக்கு அவரையும் லாத்தாவையும் அறையில் உட்கார வைத்து நானே லாரியை ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் அவர் இருக்கையின் தோலைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல வண்டிதான் மாப்ள எடுத்த. இத்தன வருசமா உழைக்குது. அன்னைக்கு மணலு சரியில்ல. எந்த வண்டியா இருந்தாலும் உக்காந்திருக்கும்."

நான் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள். கொழும்பில் அத்தனை வருடம் அவற்றை வைத்துக்கொண்டுதான் அவர் சமாதானமாக இருந்திருக்கிறார். அவரிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டுமா என்று நினைத்தேன். அதுவும் ஒரு சாக்குத்தான். லாத்தா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தர்கா வாசலில் நிறுத்தினேன். மச்சான் அந்தப் பக்கத்துக் கதவின் கைப்பிடியில் கையை வைத்துச் சற்று நேரம் முயன்றார். மடங்காத விரல்களுக்கு அது பிடிபடவில்லை. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

நான் இறங்கி, லாரியைச் சுற்றிக்கொண்டு போய், வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டேன். அவர் கண்மூடி மவுத்தாகும் வரை ஒவ்வொரு முறையும் அப்படித்தான் திறந்துவிட்டேன். அந்த இன்னொரு லாரியைப் பற்றி ஒருமுறைகூட அவரிடம் சொல்லவில்லை.