தீக்கொட்டகைப் பரண்

செவந்தி வாயாடி. ஆனால் 1953 சித்திரைக்குப் பிறகு நாலு வருஷம் அவள் ஊர்ப்பொதுவில் வாயே திறக்கவில்லை. திறந்தால் ஒரே பதில்தான் வரும்: "ஒம் புருசன் அருவாளத் தூக்குனது மறந்துபோச்சா?"

கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் அத்தனையும் கூரை வீடுகள். ஒரு வீடு பற்றிக்கொண்டால் யாரும் தண்ணீரை நம்ப மாட்டார்கள். சித்திரையில் தண்ணீர் ஏது? காற்றடிக்கும் பக்கம் அடுத்த வீட்டுக் கூரையைத் தொரட்டி போட்டு இழுத்துப் பிரித்துவிடுவார்கள். அந்த இடைவெளியைத் தீ தாண்டாது. அந்த வருஷம் பிரிக்க வேண்டிய கூரை செவந்தியுடையது. அவள் புருஷன் ராக்கன் அரிவாளோடு வாசலில் நின்று ஒருவரையும் விடவில்லை. விளைவு, அவன் வீட்டோடு சேர்த்துப் பதினாலு வீடு சாம்பல். அதன் பிறகு ராக்கனை ஊர்வேலைக்கு எவரும் கூப்பிடவில்லை.

1957இல் தீக்கொட்டகையைப் புதுப்பிக்க ஊர் கூடியது. ஏணி, தொரட்டி, வாளி எல்லாம் இருப்பது அங்கேதான். கல்யாணமும் கூட்டமும் நடப்பதும் அங்கேதான். தீயணைக்கிற கொட்டகைக்கே கீற்றுக் கூரை என்றால் சிரிக்க மாட்டார்களா! ஓடு போடுவதென்று முடிவாயிற்று. மேடை வேண்டும், ரேடியோ வேண்டும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். செவந்தி எழுந்தாள்.

"மேடை கெடக்கட்டும். ஓட்டுக்குக் கீழ நீளமா ஒரு பரணு கட்டுங்க. வீட்டுக்குப் பத்துக் கீத்து, ரெண்டு மூங்கி போட்டு வைப்போம்."

அழகுமலை விழுந்து விழுந்து சிரித்தான். அன்று வீட்டை இழந்தவர்களில் அவனும் ஒருவன். "தீக்கொட்டகைக்குள்ள காஞ்ச கீத்தா? நல்ல ரோசனை, தங்கச்சி!"

"சிரிங்கண்ணே. எங்க வீட்டுக்காரரு ஏன் அருவாளத் தூக்குனாருன்னு யாராச்சும் கேட்டீங்களா? கூரையப் பிரிச்சுட்டா கைப்புள்ளையோட எங்கிட்டுப் போயிப் படுக்குறதுன்னு பயம். மறுநாளே ஊரு கூரை போட்டுக் குடுக்கும்னு தெரிஞ்சிருந்தா, அவரே மொத ஆளாப் பிரிச்சிருப்பாரு."

யாரும் மறுத்துப் பேசவில்லை. பரண் ஏறியது. வீடு வீடாகப் போய்க் கீற்று வாங்கி நிரப்பியவள் அவள்தான். கல்யாணப் பந்தலுக்கு இரவல் கேட்டு வந்தவர்களை விரட்டியடித்தவளும் அவள்தான்.

அடுத்த சித்திரையில் உச்சிவெயில் நேரம் மூக்காயி வீடு பற்றிக்கொண்டது. காற்று மேற்கே அடித்தது. மேற்கே அடுத்த வீடு அழகுமலையுடையது. கூரை மாற்றி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தொரட்டியோடு ஓடிவந்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள்.

செவந்தி பழங்கதை பேசவில்லை. "அண்ணே, பரணு நெறையக் கீத்து கெடக்கு" என்றாள்.

அழகுமலை, பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த தொரட்டியைப் பிடுங்கித் தன் கூரையில் தானே மாட்டி இழுத்தான். அப்புறம் கேட்பானேன், ஊரே விழுந்து பிரித்தது. மூக்காயி வீட்டோடு தீ நின்றது.

மறுநாள் விடிந்ததும் பரணிலிருந்து கீற்று இறங்கியது. அழகுமலை நேரே ராக்கன் வாசலுக்குப் போனான்.

"மச்சான், கூரை மேல ஏற ஆளு பத்தல. வாங்க."

ராக்கன் பெண்சாதியைப் பார்த்தான். "என்னைய எதுக்குப் பாக்குறீங்க? கூப்புடுறாருல்ல, போங்க" என்றாள் அவள்.

மூக்காயி வீட்டை முடித்து அழகுமலை வீட்டுக்கு வந்தார்கள். ராக்கன் முகட்டில் உட்கார்ந்து கட்ட, அழகுமலை கீழிருந்து கீற்றை எடுத்துக் கொடுத்தான். கஞ்சி கொண்டுவந்த செவந்தி அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி, அழுகுறியா?" என்றாள் மூக்காயி.

"ஆமாக்கா, அழுகுறேன். அஞ்சு வருசமாச்சு, அழக்கூடாதா?"